அந்த மரம் யாருடையது?

1983-ம் வருடம். ஆப்பிரிக்காவின் நைஜர் தேசம். அதன் தெற்கே மராடி என்று ஒரு ஊர். ஊரைத் தாண்டினால் மணல் பாதை. அந்தப் பாதையில் ஒரு பிக்-அப் வண்டி, பின்னால் ஒரு டிரெய்லர், டிரெய்லர் நிறைய மரக்கன்றுகள்.

ஓட்டிக்கொண்டு போனவர் டோனி ரினாடோ. ஆஸ்திரேலியர். விவசாயம் படித்தவர். ஒரு கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு அவரை அங்கே அனுப்பியிருந்தது. வேலை, மரம் நடுவது. வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நட்டுக்கொண்டே இருந்தார். நட்டதெல்லாம் செத்துக்கொண்டே இருந்தது.

வெயிலில் கொஞ்சம், மணல் காற்றில் கொஞ்சம், ஆடுகளின் வாயில் மிச்சம். ஊர்க்காரர்களுக்கும் பெரிய ஆர்வமில்லை. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் இந்த வெள்ளைக்காரர் மரம், மரம் என்கிறாரே என்று சிரித்தார்கள். பைத்தியக்கார வெள்ளை விவசாயி என்று பட்டப்பெயரே உண்டு.

மணலில் வண்டி புதையாமல் இருக்க டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு ஓட்டவேண்டும். இறங்கினார். காற்றை இறக்கினார். நிமிர்ந்து நாலாபுறமும் பார்த்தார். பொட்டல். அங்கங்கே முழங்கால் உயரத்துக்குப் புதர்கள். இந்தப் பொட்டலில் இன்னும் எத்தனை வருடம், எத்தனை லட்சம் டாலர், எத்தனை வண்டிக் கன்றுகள்? ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா?

அப்போதுதான் பக்கத்திலிருந்த ஒரு புதரை உற்றுப் பார்த்தார். இலை தெரிந்த இலையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். அது புதரே இல்லை. மரம். என்றைக்கோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. அதிலிருந்து தழைத்து வந்த குருத்துகளைத்தான் இத்தனை நாளும் புதர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் பார்த்தார். அதுவும் கட்டை. இதுவும் கட்டை. வயல் முழுக்கக் கட்டைகள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை, மண்ணுக்கு அடியில் ஒரு காடு வேரோடு உயிரோடு இருந்தது!

நம்மூரில் வேப்பமரத்தை வெட்டினால் அடுத்த மழையில் அடியிலிருந்து நாலு கிளை கிளம்புகிறதல்லவா? கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு வருகிறதல்லவா? அதே சங்கதிதான்.

சரி, அப்படியானால் இத்தனை வருடமாக அந்தக் குருத்துகள் ஏன் மரமாகவில்லை? யார் வளரவிடாமல் வைத்திருந்தது?

வெயிலா? ஆடா? சஹாரா பாலைவனமா? மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முக்கியமான கை விவசாயியுடையது. வருடா வருடம் விதைப்புக்கு முன்னால் குருத்துகளை வெட்டி, குவித்து, எரித்துவிட்டுத்தான் கம்பு விதைப்பான். அவன் ஒன்றும் மரத்தின் விரோதி இல்லை. அவன் பாட்டன் காலத்தில் அதே நிலத்தில் மரங்களுக்கு நடுவில்தான் விவசாயம் நடந்தது. இடையில் என்னவோ ஆகியிருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது.

*

நைஜர் என்றதும் நைஜீரியா என்று நினைத்துவிடாதீர்கள். நைஜீரியாவுக்கு வடக்கே இருக்கிற தனி தேசம். பரப்பு சுமார் 12.67 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் பெரும்பகுதி சஹாரா. தெற்கே ஓரமாக ஒரு பட்டையில்தான் மழை, விவசாயம், ஜனங்கள் எல்லாம். மழையும் வருடத்தில் மூன்று, நாலு மாதம். மீதி நாளெல்லாம் வெயிலும் புழுதியும். பெரும்பாலும் மானாவாரி. கம்பும் சோளமும்தான் சாப்பாடு.

அந்தப் பட்டையில் ஒரு மரம் உண்டு. ஹௌஸா மொழியில் அதற்கு காவோ என்று பெயர். நம்ம கருவேல மரத்துக்குத் தூரத்து உறவு. ஆனால் குணம் தலைகீழ். அந்தப் பட்டையின் மற்ற மரங்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் பச்சையாக நிற்கும், கோடையில் இலை உதிர்க்கும். காவோ, மழை ஆரம்பித்ததும் இலையை உதிர்த்துவிடும். கோடையில் பச்சையாக நிற்கும்!

விவசாயிக்கு இது எப்படிப்பட்ட வசதி என்று யோசித்துப் பாருங்கள். கம்பு வளரும் நாளில் மரத்தில் நிழல் இல்லை. உதிர்ந்த இலை உரம். வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது. கோடையில் எங்கும் புல் பூண்டு இல்லாதபோது அதன் நெற்று ஆடு மாடுகளுக்குத் தீவனம். மாடு நிழலுக்கு அங்கேயே வந்து நிற்கும், சாணியும் அங்கேயே விழும். காசு வாங்காத உரக்கடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராடிக்குக் கிழக்கே ஜிண்டரில் சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களில் தனிமூன் என்று ஒருவர். காவோ மரத்தை வெட்டினால் தலை போகும், காரணமில்லாமல் கிளையை ஒடித்தால் கை போகும் என்று அவர் உத்தரவு போட்டிருந்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள். எத்தனை தலை உருண்டது என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு ராஜா மிரட்டிக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அந்த மரத்துக்கு மதிப்பு இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

1899-ல் பிரெஞ்சுப் படை ஜிண்டருக்குள் நுழைந்தது. சுல்தானகத்தின் சுதந்திரம் முடிந்தது. வந்தவர்கள் தலைக்கு இவ்வளவு வரி என்றார்கள். வரியைக் காசாகக் கட்டவேண்டும். காசுக்கு எங்கே போவது? வேர்க்கடலை போடு என்றார்கள். ஐரோப்பாவின் எண்ணெய் ஆலைகளுக்குக் கடலை தேவைப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் நைஜீரியாவின் கானோ நகருக்கு பிரிட்டிஷ்காரர்கள் ரயிலைக் கொண்டுவந்துவிட்டார்கள். மராடி கடலைச் சந்தையாக மாறியது. கம்பங்காட்டுக்குள் கடலை நுழைந்தது. இன்னும் இடம் வேண்டும் என்று மரங்கள் விழுந்தன. நிலத்தைக் கொஞ்சநாள் தரிசாகப் போட்டு ஆறவைக்கும் பழைய வழக்கமும் மெல்லப் போயிற்று.

பின்னாளில் வந்த விவசாய அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. வயல் என்றால் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கவேண்டும். மரமும் கட்டையும் இருந்தால் நேர்க்கோட்டில் ஏர் ஓட்ட முடியாது. பிடுங்கு. நவீன விவசாயம் என்றால் இதுதான் என்று பாடம் எடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றை பிரெஞ்சு அரசாங்கம் காகிதத்தில் செய்தது. 1935-ல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஒரு வனச்சட்ட ஆணை வந்தது. நல்ல எண்ணம்தான். காட்டைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அதன்படி மரங்களின் மீதான அதிகாரம் அரசாங்கத்துக்குப் போனது. விவசாயியின் வயலுக்கு நடுவில் தானாக முளைத்த மரத்தைக்கூட அனுமதியில்லாமல் அவன் தொடமுடியாது. தொட்டால் அபராதம். சில சமயம் ஜெயில்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் மனசு பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்க்கும். இடது பக்கம் பொறுப்புகள், வலது பக்கம் சொத்துகள். அதுவரை விவசாயிக்கு மரம் என்பது வலது பக்கக் கணக்கு. விறகு, தீவனம், நிழல், உரம். 1935-க்குப் பிறகு அதே மரம் இடது பக்கத்துக்கு மாறிவிட்டது. நிலம் என்னுடையது, மரம் மட்டும் சர்க்காருடையது. கிளை ஒடித்தால் அபராதம். வளர்ந்தால் அனுபவிக்க முடியாது. அப்புறம் எதற்கு வளர்க்கவேண்டும்? குருத்தாக இருக்கும்போதே வெட்டிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ராத்திரியில் பெரிய மரத்தைச் சாய்த்துவிட்டால், யார் வெட்டினது என்று நிரூபிக்கவும் முடியாது.

மரத்தைக் காப்பாற்ற வந்த சட்டம், மரத்துக்கு இருந்த ஒரே காவல்காரனை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

*

1960-ல் நைஜருக்குச் சுதந்திரம் கிடைத்தது. கொடி மாறியது. வனச்சட்டத்தின் மனசு மாறவில்லை. காடுகள் துறை ஊழியர்கள் என்றால் ஜனங்களுக்குப் போலீஸ்காரர்களைப் பார்க்கிற பயம்தான்.

1968-ல் மழை பொய்க்க ஆரம்பித்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. 1974 வரை தொடர்ந்தது. சஹேல் என்று சொல்லப்படும் அந்தப் பிராந்தியம் முழுக்கக் கால்நடைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஜனங்கள் நகரங்களை நோக்கி நடந்தார்கள். பஞ்ச நிவாரணத்தில் ஆட்சியாளர்கள் விளையாடிவிட்டார்கள் என்று கோபம் கிளம்பியது. 1974 ஏப்ரலில் ராணுவத் தளபதி சேனி கூன்ச்சே, முதல் அதிபர் ஹமானி தியோரியைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூன்ச்சே கண்டிப்பான ஆள். வடக்கே யுரேனியம் வெட்டி எடுத்து விற்ற பணமும் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு உதவியும் குவிந்தது. பாலைவனத்தைத் தடுக்கவேண்டும், மரம் நடு! நாற்றங்கால், லாரி, தண்ணீர், வேலி, கூலி என்று பணம் செலவாயிற்று. நைஜரில் அப்போது சுமார் 6 கோடி மரக்கன்றுகள் நடப்பட்டதாகச் சொல்கிறார்கள். பிழைத்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் நாம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவிலும் ஒரு அமைப்பு வரிசையாகக் கன்று நட்டது. பேனர், போட்டோ, மைக், மோர் எல்லாம் உண்டு. இப்போது இரும்புக்கூண்டு மட்டும் நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் கூண்டில் என் சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்ணீர் ஊற்ற எனக்கு ஏன் தோன்றவில்லை? அது என்னுடையது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

*

மறுபடி 1983. ரினாடோ அந்தக் கட்டையின் முன்னால் நிற்கிறார்.

இனி நாற்றங்கால் தேவையில்லை. லாரி தேவையில்லை. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது, தண்ணீர் ஊற்றவும் தேவையில்லை. ஒரு கட்டையிலிருந்து இருபது குருத்து வருகிறது என்றால், நல்லதாக மூன்று அல்லது ஐந்தை விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். விட்டதையும் பக்கக் கிளைகளை அரிந்து, கவாத்து பண்ணி, நேராக வளரவிட வேண்டும். ஒரு கத்தி போதும். புதிதாக முளைத்த கன்று போல அது தள்ளாடாது. பழைய வேரின் பலத்தில் சரசரவென்று மேலே வரும். கவாத்து பண்ணின குச்சிகள் முதல் வருடமே விறகு. மரம் அசல், விறகு வட்டி.

இது ரினாடோ கண்டுபிடித்த வித்தை இல்லை. அந்த மண்ணின் மனிதர்களுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்ததுதான். மறந்துபோயிருந்தது. சரியாகச் சொன்னால், மறக்கவைக்கப்பட்டிருந்தது.

அவர் பேச்சைக் கேட்டு முதலில் முன்வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களையும் ஊர் கேலி செய்தது. வயலில் மரமா? கம்பு என்னத்துக்கு ஆகும்? அந்த மரங்களில் சிலதை ராத்திரியில் யாரோ வெட்டிக்கொண்டும் போனார்கள்.

1984-ல் மறுபடி பெரும்பஞ்சம். தானியம் வந்தது. தானியம் வேண்டுமானால் உன் வயலில் ஹெக்டேருக்கு 40 மரக்குருத்துகளை விட்டுவைக்க வேண்டும் என்று ரினாடோ தரப்பில் நிபந்தனை போட்டார்கள். பசி. எல்லோரும் சரி என்றார்கள். லட்சக்கணக்கில் குருத்துகள் தலைதூக்கின. அடடா, வெற்றி!

அவசரப்படாதீர்கள். பஞ்சம் முடிந்தது. தானியம் நின்றது. உடனே மூன்றில் இரண்டு பங்கு மரங்களை வெட்டிப்போட்டுவிட்டார்கள். தானியத்துக்காக வளர்த்த மரம், தானியத்தோடு போயிற்று. அது இன்னமும் அவர்களுடைய மரமாக ஆகியிருக்கவில்லை.

ஆனால் மூன்றில் ஒரு பங்கை வெட்டவில்லை. அங்கேதான் கதை திரும்பியது. மரம் விட்டுவைத்த வயலில் புழுதிக்காற்று இளங்கம்பை அறுக்கவில்லை. மூன்று தடவை, நாலு தடவை மறுவிதைப்பு செய்துகொண்டிருந்தவன் ஒரே தடவை விதைத்தான். கோடையில் ஆட்டுக்குத் தழை கிடைத்தது. பக்கத்து வயல்காரன் வரப்பில் நின்று பார்த்தான்.

இதே காலத்தில் மராடிக்குக் கிழக்கே டான் ஸாகா என்ற கிராமத்தில் ரினாடோவுக்குச் சம்பந்தமில்லாமல் இன்னொரு சம்பவம். அந்த ஊர் இளைஞர்கள் வழக்கம்போல் நைஜீரியாவுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. மழை பெய்துவிட்டது. குருத்துகளை வெட்டி, எரித்து, வயலைச் சுத்தம் பண்ண நேரமில்லை. நடப்பது நடக்கட்டும் என்று அப்படியே விதைத்தார்கள். சோம்பேறிப் பயல்கள் என்று ஊர் நினைத்திருக்கும். அறுவடை வந்தபோது, சுத்தம் செய்த வயல்களைவிட அந்தச் சோம்பேறி வயல்களில் விளைச்சல் நன்றாக இருந்தது! அடுத்த வருடமும் அதேபோல் நடந்தது. அதற்கு மேல் யாரும் வந்து வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் சரி. வளர்ந்த மரத்தை வெட்டினால் அபராதம் போடுவார்களே?

இங்கே இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, மராடி வட்டாரத்துக் காடுகள் துறை அதிகாரியிடம் ரினாடோ பேசினார். விவசாயி தான் வளர்த்த மரத்தைத் தானே அனுபவிக்கட்டும், நீங்கள் கண்டுகொள்ளாமல் இருங்கள். அதிகாரி ஒப்புக்கொண்டார். சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒரு அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயத்தை யாரும் திட்டமிடவில்லை. 80-களில் உலகச் சந்தையில் யுரேனியம் விலை சரிந்தது. நைஜர் கஜானா காலி. வண்டிக்குப் பெட்ரோல் இல்லாத அரசாங்கம், கிராமம் கிராமமாகப் போய் எந்த மரத்தை எண்ணும்? 1987 நவம்பரில் கூன்ச்சே இறந்துபோனார். இரும்புப்பிடி தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விவசாயிகள் மனதில் ஒரு எண்ணம் ஊன்றியது. இந்த மரம் நம்முடையது.

சட்டப்படி அது உண்மையில்லை. ஆனால் நம்பினார்கள். நம்பினபடி நடந்துகொண்டார்கள். கிராமங்களில் கமிட்டி போட்டார்கள். அடுத்தவன் வயல் மரத்தில் கை வைத்தால் கிராமமே தண்டம் விதித்தது. முன்பு அரசாங்கம் போட்ட அதே அபராதம்தான். ஆனால் இப்போது போடுகிறவன் மரத்தின் சொந்தக்காரன்.

*

இதெல்லாம் உலகத்துக்குத் தெரியுமா? தெரியாது. நைஜர் தலைநகர் நியாமேயில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கே தெரியாது. திட்டம் இல்லை, திறப்புவிழா இல்லை, கல்வெட்டு இல்லை. ஒரு வயலைப் பார்த்து இன்னொரு வயல், ஒரு ஊரைப் பார்த்து இன்னொரு ஊர் என்று இருபது வருடம் சத்தமில்லாமல் பரவியது.

2004-ல் கிறிஸ் ரேய் என்ற டச்சுப் புவியியலாளர் நியாமேயிலிருந்து கிழக்கே மராடிப் பக்கம் காரில் போனார். அந்தப் பிராந்தியத்தைப் பல வருடமாகத் தெரிந்தவர். முன்பு பொட்டலாகப் பார்த்த இடங்களில் வழி நெடுக மரங்கள். அவரால் நம்பமுடியவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிரே டாப்பனிடம் சொன்னார். டாப்பன் பழைய வான்வழிப் புகைப்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நைஜர் விஞ்ஞானி மஹமானே லார்வானூ போன்றவர்கள் கிராமங்களுக்குப் போய்க் கேட்டு எழுதினார்கள்.

கிடைத்த கணக்கு, சுமார் 50 லட்சம் ஹெக்டேர். கேரள மாநிலத்தைவிடப் பெரிய பரப்பு. சுமார் 20 கோடி மரங்கள். ஏறக்குறைய எல்லாமே தானாக முளைத்தவை. 6 கோடி கன்று நட்டுத் தோற்ற தேசத்தில், நடாமலே 20 கோடி!

மழை திரும்பியிருக்கும், அதனால் மரம் வந்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 90-களின் நடுவிலிருந்து சஹேலில் மழை கொஞ்சம் தேறியது உண்மை. ஆனால் எல்லைக்குத் தெற்கே நைஜீரியாவைப் பாருங்கள். அதே மண், அதே ஹௌஸா ஜனங்கள், மழை இன்னும் கொஞ்சம் அதிகம். செயற்கைக்கோள் படத்தில் மரம் குறைவாகத் தெரிந்தது அந்தப் பக்கம்தான். மேகத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. மனிதர்களின் ஏற்பாட்டுக்குத்தான் தெரியும்.

மரம் வந்ததால் என்ன ஆயிற்று? வருடத்துக்குக் கூடுதலாக 5 லட்சம் டன் தானியம் விளைகிறது, 25 லட்சம் பேருக்குச் சாப்பாடு என்று 2009-ல் ரேயும் டாப்பனும் மதிப்பிட்டார்கள். எனக்கு அதைவிட மனதில் நின்றது வேறொரு கணக்கு. 1984-ல் ஒரு பெண் தினமும் விறகு தேடச் செலவழித்த நேரம் சராசரியாக இரண்டரை மணி. 2006-ல் அரை மணி. தினமும் இரண்டு மணி நேரம்! தேசிய வருமானக் கணக்கில் எங்கேயும் வராத வருமானம் இது. கிடைத்த நேரத்தில் ஆடு வளர்த்தார்கள். வயலில் நிற்கும் பாவோபாப் மரத்தின் (நம்மூரில் ஆனைப்புளி என்பார்கள்) இலையைப் பறித்துச் சந்தையில் விற்றார்கள். குழம்புக்குப் போடும் கீரை அது. அந்தக் காசு பெண்களின் கையில்.

2005-ல் நைஜரில் மறுபடி உணவு நெருக்கடி. வயலில் மரம் இருந்தவர்கள் கிளையை வெட்டி விற்றார்கள், இலையை விற்றார்கள், தானியம் வாங்கினார்கள். பேங்க்கில் இருக்கிற டெபாசிட்டை முறித்து அவசரத்துக்குச் செலவழிப்போமே, அந்த மாதிரி. மரம் இல்லாதவனுக்கு முறிக்க ஒன்றுமில்லை.

நைஜர் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. 1960-ல் அங்கே சுமார் 34 லட்சம் பேர். இப்போது இரண்டரைக் கோடிக்கும் மேல். மரம் தந்த தானியத்தைப் பிறப்பு விகிதம் ஓடித் துரத்துகிறது. வயலில் மரமும் வேலியும் பெருகினால், மாடு மேய்த்துக்கொண்டு வருகிற ஃபுலானி இடையர்களுக்குப் பாதை சுருங்குகிறது. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மராடியின் எல்லையோரக் கிராமங்களில் ஆயுதக் கொள்ளையர் பயம்.

ஆனாலும் ஒன்று நடந்தது. 2020-ல், விவசாயி தன் நிலத்தில் பேணி வளர்த்த மரத்தின் மீது அவனுக்குள்ள உரிமையை அங்கீகரித்து நைஜர் அரசு ஆணை பிறப்பித்தது. 1935-ல் காகிதத்தில் பறித்ததைக் காகிதத்தில் திருப்பித் தர 85 வருடம். அதற்காக விவசாயி காத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். காத்திருந்திருந்தால் கையெழுத்துப் போடும்போது உரிமை இருந்திருக்கும், மரம் இருந்திருக்காது.

2018-ல் ரினாடோவுக்கு 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே வருடம் அதே விருதைப் பெற்ற இன்னொருவர் யாக்கூபா சவடோகோ. நைஜருக்குப் பக்கத்து நாடான புர்கினா ஃபாசோவின் விவசாயி. 1980-ஐ ஒட்டிய பஞ்சத்தில் ஊரே காலி செய்துகொண்டு போனபோது போகாமல் உட்கார்ந்தவர். இறுகிப்போன மண்ணில் கோடையிலேயே குழி வெட்டி, அதில் எரு போட்டு, மழைக்குக் காத்திருந்து சோளம் விதைத்தார். எருவில் இருந்த விதைகளிலிருந்து மரமும் முளைத்தது. வெட்டாமல் விட்டார். முப்பது வருடத்தில் அது காடாகிவிட்டது.

பிறகு? பக்கத்து நகரமான வாகிகூயா வளர்ந்தது. மனை போட இடம் வேண்டும். நகர விரிவாக்க வரைபடத்தில் கிழவரின் காடும் வந்துவிட்டது. அவரே உண்டாக்கிய காட்டை அவரே விலை கொடுத்து வாங்கினால்தான் வைத்துக்கொள்ளலாம் என்கிற நிலைமை. பாலைவனத்தை நிறுத்தியவர் என்று உலகம் அவரைப் பற்றிப் படம் எடுத்தது. சர்வேயரை அவரால் நிறுத்த முடியவில்லை. 2023 டிசம்பரில் காலமானார்.

பாலைவனம் மணலாகத்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபைலாகவும் வரும்.

மராடியில் அன்றைக்கு ரினாடோ குனிந்து பார்த்த மாதிரிக் கட்டைகள் உலகத்தின் வறண்ட பூமிகளில் இன்னும் எத்தனையோ உயிரோடுதான் இருக்கின்றன. கன்று நடுவதற்கு முன்னால் ஒருதடவை குனிந்து பார்த்துவிடுவது நல்லது. அப்புறம், அந்த நிலத்துக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஐயா, இது வளர்ந்தால் யாருக்கு?

அவன் தயங்காமல் 'எனக்கு' என்று சொல்கிற நாளில், அந்த மரத்துக்கு வேறு வேலி தேவையில்லை.